யாருக்காக இந்த மறுப்பு?

நகரின் மதிலுக்கு வெளியே இறந்தவன் ஒருவனின் உடல் கிடக்கிறது. அதைப் புதைக்கக் கூடாது. அவனுக்காக எவரும் அழவும் கூடாது. மீறுவோருக்கு மரணம் என்பது அரசாணை. நாய்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகட்டும் என்று விடப்பட்ட அவ்வுடலின்மீது, இறந்தவனின் தங்கை தனியே சென்று மண்ணைத் தூவுகிறாள். பிடிபடுகிறாள். செய்ததை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறாள். சாகிறாள்.

அன்டிகனியின் கதை இவ்வளவுதான். ஆயினும் 2400 ஆண்டுகளுக்கும் மேலாக அது மேடையை விட்டு இறங்கவில்லை. சட்டமும் மனச்சான்றும் மோதிய நாடுகளிலெல்லாம் அவள் மீண்டும் மீண்டும் எழுந்து வந்திருக்கிறாள். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் அவள் கதையை நடித்தபோது, அவளைத் தண்டிக்கும் மன்னனின் வேடத்தை ஏற்றவர் நெல்சன் மண்டேலா. அதற்கு முன்பே, 1944 பிப்ரவரியில், ஜெர்மானியப் படைகளின் பிடியிலிருந்த பாரிஸ் நகரில், ழான் அனுய் என்னும் பிரெஞ்சு நாடக ஆசிரியர் அக்கதையைப் புதிதாக எழுதி அரங்கேற்றினார். பழைய கதையில் அவர் செய்த ஒரு மாற்றத்தைக் குறித்து இங்கே நாம் சிந்திக்க விழைகிறோம். மனச்சான்று என்னும் சொல்லை நாம் எளிதாகப் பயன்படுத்துகிறோம். அச்சொல்லுக்கு நாம் தரும் பொருள் என்ன என்று அம்மாற்றம் நம்மைக் கேட்கிறது.

மேலான ஒரு கீழ்ப்படிதல்

கிரேக்கப் புராணத்தின்படி, தீப்ஸ் நகரின் மன்னன் ஈடிப்பசுக்கு மைந்தர் இருவர், மகளிர் இருவர். தந்தைக்குப் பின் மைந்தரிடையே ஆட்சிப் பூசல் மூண்டது. எட்டியோக்ளிஸ் அரியணையைப் பிடித்துக்கொண்டான். பொலினைசிஸ் வேற்றுநாட்டுப் படையைத் திரட்டிக்கொண்டு தன் சொந்த நகரத்தின்மீதே போர் தொடுத்தான். நகர வாயிலில் உடன்பிறந்தார் இருவரும் ஒருவரை ஒருவர் கொன்று மடிந்தனர். ஆட்சி அவர்களுடைய தாய்மாமன் கிரெயோனின் கைக்கு வந்தது. நகரைக் காத்தவனுக்கு அரச மரியாதையோடு அடக்கம். காட்டிக் கொடுத்தவனுக்கு மண்கூடக் கிடையாது என்று அவன் ஆணையிட்டான்.

ஏறத்தாழ கி.மு. 441-இல் இக்கதையை நாடகமாக்கிய சொஃபக்கிளிஸ், அன்டிகனிக்குத் தெளிவான காரணம் ஒன்றைக் கொடுத்தார். மன்னனின் ஆணை நேற்றுப் பிறந்தது. தெய்வங்களின் எழுதப்படாத சட்டமோ என்றும் உள்ளது. இறந்தோர்க்குரிய கடனைச் செய்வது அச்சட்டம். எனவே மன்னனுக்கு அவள் பணிய மறுப்பது உண்மையில் மேலான ஒருவருக்குப் பணிவதே. அவளுக்கு மேலே தெய்வம் இருக்கிறது. அவளுக்கு முன்னே, தரையில், அவளுடைய சகோதரன் இருக்கிறான். இவ்விரண்டுக்கும் இடையில் நின்றுதான் அவள் மறுக்கிறாள்.

விவிலியம் அறிந்த நமக்கு இது அயலான கதையாகத் தோன்றாது. நினிவேயில் அரசனால் கொல்லப்பட்டுக் கிடந்த தம் மக்களை மறைவாகப் புதைத்ததற்காகத் தம் உடைமைகளை இழந்து தலைமறைவானவர் தோபித்து. திரும்பி வந்த பின்னும், திருவிழா விருந்தை விட்டு எழுந்து சென்று, தெருவில் கிடந்த ஒருவனைத் தூக்கி வந்து அடக்கம் செய்தார். அண்டை வீட்டார் நகைத்தனர். ஆளுநர் பிலாத்துவிடம் துணிவுடன் சென்று, சிலுவையில் அறையப்பட்டவரின் உடலைக் கேட்டார் அரிமத்தியா யோசேப்பு. பசித்தோர்க்கு உணவளிப்பது முதலான இரக்கச் செயல்களோடு, இறந்தோரை அடக்கம் செய்வதையும் ஏழாவதாகத் திருச்சபை நமக்குக் கற்பித்திருக்கிறது.

சாமுவேலின் இரண்டாம் நூலில், 21-ஆம் அதிகாரத்தில், இன்னும் நெருக்கமான ஓர் இணை உண்டு. சவுலின் வழிவந்தோர் எழுவர் மலையில் கொல்லப்பட்டு அடக்கமின்றி விடப்பட்டனர். அவர்களுள் இருவர் சவுலின் மறுமனைவியின் மைந்தர். அந்தத் தாய் பாறைமீது சாக்குத் துணியை விரித்து அமர்ந்தாள். அறுவடைக் காலம் தொடங்கி மழை பொழியும்வரை, பகலில் பறவைகளையும் இரவில் விலங்குகளையும் விரட்டிக்கொண்டிருந்தாள். தன் மைந்தர் இருவரை மட்டுமா காத்தாள்? மற்ற ஐவரின் உடல்களையும் அன்றோ காத்தாள்! செய்தி தாவீதின் காதுக்கு எட்டியது. அவர் அந்த எலும்புகளைச் சேர்த்தெடுத்து வரச் செய்தார். சவுலுக்கும் யோனத்தானுக்கும் உரிய அடக்கத்தையும் நிறைவேற்றினார். கிரெயோனோ, காலம் கடந்த பின்னரே மனம் மாறினான். அன்டிகனியும், அவளை மணக்கவிருந்த அவன் மகன் ஹேமோனும், அவன் மனைவியும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். ஒரு பெண்ணின் அழுகைக்குச் செவிசாய்த்த மன்னனையும், சாய்க்காத மன்னனையும் இப்படி அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது.

பாரிஸ் மேடையில்

இனி அனுய்யின் நாடகத்துக்கு வருவோம். ஆந்த்ரே பார்சாக்கின் இயக்கத்தில், அத்தெலியே என்னும் அரங்கில், நடிகர்கள் இக்கால உடையணிந்தே தோன்றினர். ஜெர்மானியத் தணிக்கையாளர் நாடகத்தை அனுமதித்தனர். கொட்டகையில் இருந்த பிரெஞ்சு மக்களுள் பலர், அடக்குமுறைக்குத் தலைவணங்காத தம் நாட்டின் குரலை அப்பெண்ணிடம் கேட்டனர். வேறு சிலரோ, ஆட்சியாளனின் வாதங்களை அனுய் இவ்வளவு நியாயமாக எழுதிவிட்டாரே என்று சினந்தனர். தலைமறைவு இதழ்களில் கண்டனமும் எழுந்தது. ஒரே நாடகம் இருவகையாகவும் கேட்கப்பட்டது ஏன்? அனுய் செய்த மாற்றத்தில் இதற்கு விடை இருக்கிறது.

அனுய்யின் கிரெயோன் கொடியவன் அல்லன். இசையையும் நூல்களையும் விரும்பி வாழ்ந்தவன். ஆள வேண்டிய கடமை வந்ததால் சட்டைக் கைகளை மடித்துக்கொண்டு வேலையில் இறங்கியவன். தன் மகனுக்கு மனைவியாகவேண்டிய பெண்ணைக் காப்பாற்றவே அவன் முயல்கிறான். எனவே, அவள் கையிலுள்ள காரணங்களை ஒவ்வொன்றாகப் பறிக்கிறான். சவச் சடங்கை இயந்திரம்போல் முணுமுணுக்கும் குருக்களைக் கண்டிருக்கிறாயே, அதற்காகவா சாகப் போகிறாய் என்கிறான்; அச்சடங்கில் தனக்கும் நம்பிக்கை இல்லை என்று அவள் ஒப்புக்கொள்கிறாள். உன் தமையன் எத்தகையவன் தெரியுமா என்கிறான்; தந்தையைக் கைநீட்டி அடித்த ஊதாரி அவன், மற்றவனும் அவனுக்குச் சளைத்தவன் அல்லன் என்று விளக்குகிறான். இறுதியாக ஓர் அரச இரகசியத்தையும் வெளியிடுகிறான். குதிரைகளின் காலடியில் இருவர் உடலும் அடையாளம் தெரியாமல் சிதைந்துவிட்டன; அவற்றுள் ஓரளவு உருக்குலையாத ஒன்றை எடுத்து அரச மரியாதை செய்தோம்; வெளியே அழுகுவது எவனுடைய உடல் என்று எனக்கே தெரியாது என்கிறான்.

அன்டிகனி தளர்ந்துபோகிறாள். தன் அறைக்குத் திரும்பவும் இசைகிறாள். அத்துடன் கிரெயோன் நிறுத்தியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். ஆனால் அவன் தொடர்ந்து பேசுகிறான்: ஹேமோனை விரைவில் மணந்துகொள், மகிழ்ச்சியாக இரு, வாழ்வு என்பது இத்தகைய சின்னஞ்சிறு இன்பங்களே என்கிறான். அந்த 'மகிழ்ச்சி' என்னும் சொல்லில் அவள் விழித்தெழுகிறாள். சிறுகச் சிறுக விட்டுக்கொடுத்து வாழும் வாழ்வு தனக்கு வேண்டாம் என்று மறுக்கிறாள். அந்த மறுப்பில் தெய்வமும் இல்லை, தமையனும் இல்லை. சாவதற்கு முன், காவலன் ஒருவனுக்குத் தன் தங்க மோதிரத்தைக் கொடுத்து, ஹேமோனுக்கு ஒரு மடல் எழுதச் சொல்கிறாள். தான் எதற்காகச் சாகிறோம் என்பது தனக்கே தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, அந்த வரியை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறாள். அவளும் ஹேமோனும் அரசியும் இறந்த பிறகு, கிரெயோன் ஐந்து மணி அமைச்சரவைக் கூட்டத்துக்குச் செல்கிறான். காவலர்கள் சீட்டாடுகிறார்கள்.

மறுப்பு மட்டும் போதுமா?

அடித்துவிடச் சொன்ன அந்த ஒரு வரியே நம்மை நெடுநேரம் சிந்திக்க வைக்கிறது. உயிரையே கொடுத்து மறுத்த ஒருத்திக்கு, எதற்காக மறுத்தோம் என்பது தெரியவில்லை. அது மனச்சான்றின் குரலா? அல்லது, எதற்கும் வளையாத தன் விருப்பத்தின் குரலா?

அனுய்யைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. தெய்வ நம்பிக்கையை இழந்த ஒரு தலைமுறையின் நிலையை அவர் நேர்மையாகவே காட்டியிருக்கிறார். விலைபோக மறுக்கும் ஓர் இளம் உள்ளத்தின் அழகும் அவர் நாடகத்தில் உண்டு. அடக்குமுறையின் கீழ் அமர்ந்திருந்தோர்க்கு அதுவே ஆறுதலாயிற்று. ஆயினும், அவருடைய அன்டிகனியைப் பின்பற்றுவோர் தம்முள் எதைக் கேட்டாலும் அதையே மனச்சான்று என்று கொள்ளும் ஆபத்து இருக்கிறது. புனித நியூமன் 1875-இல் நார்ஃபோக் கோமகனுக்கு எழுதிய திறந்த மடலில் இவ்வாபத்தை முன்பே சுட்டிக்காட்டினார். மனச்சான்றுக்கு உரிமைகள் உண்டு என்றால், அதற்குக் கடமைகள் இருப்பதால்தான். தம் விருப்பப்படி நடக்கும் உரிமைக்கு அப்பெயரைச் சூட்டுவது போலி என்பது அவர் கருத்து. மனிதன் தன் உள்ளத்தின் ஆழத்தில் கடவுளோடு தனித்திருக்கும் திருவிடமே மனச்சான்று என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. அங்கே மனிதன் தனியாக இருந்தாலும், அவனோடு பேசும் ஒருவர் இருக்கிறார். அவர் பேசுவதோ பெரும்பாலும் நம்மைப் பற்றி அன்று. நமக்கு அடுத்திருப்பவரைப் பற்றியே.

காயினிடம் இறைவன் கேட்ட கேள்வியை நினைத்துப் பார்ப்போம். அவர் கேட்டது அவனுடைய சகோதரன் எங்கே என்றுதான். மனச்சான்றின் முதற்கேள்வி அதுவே என்று கொண்டால், சொஃபக்கிளிசின் அன்டிகனி அக்கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறாள்: தன் சகோதரன் மதிலுக்கு வெளியே கிடக்கிறான் என்று சொல்லி, அவனிடம் போயிருக்கிறாள். அனுய்யின் அன்டிகனியும் அப்படித்தான் புறப்பட்டாள். சிறுவயதில் கடற்கரையில் மணல்வீடு கட்டிய சிறு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவள் முதலில் சென்றது தமையனிடமே. கிரெயோனுடன் வாதாடியபோதுதான் அவள் அவனை இழந்தாள். தமையன் நல்லவன் அல்லன் என்று காட்டப்பட்டதும், அவனுக்காக நிற்பதற்கு அவளிடம் காரணம் எதுவும் எஞ்சவில்லை. நல்லவனாக இருந்தால்தான் ஒருவன் சகோதரனா? கிரெயோனின் வாதத்தில் மறைந்திருந்த கண்ணி இதுவே. பழைய அன்டிகனி அதில் சிக்கவில்லை. பொலினைசிஸ் குற்றமற்றவன் என்று அவள் ஒருபோதும் வாதாடவில்லை. இறந்தோர் இருவருக்கும் ஒரே கடன்தான் என்றாள்.

சகோதரன் என்னும் சொல்

இது மேடையோடு நின்றுவிடும் நுட்பம் அன்று. அதே பிரான்சில், அதே ஆண்டுகளில், உண்மை மனிதர்கள் இதே கேள்வியை எதிர்கொண்டார்கள்.

1942 ஆகஸ்டில், விஷி அரசு தன் முகாம்களில் அடைத்திருந்த யூதர்களை ஜெர்மானியரிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தது. அம்முகாம்களுள் சில துலூஸ் மறைமாவட்டத்தில் இருந்தன. பேராயர் ஜூல்-ழெரோ சலியேஜ் அப்போது வாதநோயால் உடல் முடங்கி, பேசவும் இயலாது துன்புற்றுக்கொண்டிருந்தார். அவர் ஒரு சிறிய சுற்றுமடலை எழுதி, ஆகஸ்டு 23, ஞாயிறன்று, எல்லா ஆலயங்களிலும் படிக்கச் செய்தார். ஆணும் பெண்ணும் தாயும் தந்தையும் குழந்தையும் மந்தைபோல் நடத்தப்படுகின்றனர் என்றும், யூதரும் அயல்நாட்டவரும் மனிதரே, நம் சகோதரரே என்றும், கிறிஸ்தவன் எவனும் இதை மறக்கலாகாது என்றும் அதில் குறிப்பிட்டார். மடலைப் படிக்கக் கூடாதென அரசு அதிகாரி தடைவிதித்தார். ஆயினும் பல பங்குகளில் அது படிக்கப்பட்டது. பேச முடியாத ஒருவரின் குரல் பிரான்சு முழுவதும் கேட்டது. அம்மடலின் வலிமை அதன் எதிர்ப்பில் மட்டுமா இருந்தது? யாருக்காக எதிர்க்கிறோம் என்பதை அது பெயர் சொல்லிச் சுட்டியது. அன்டிகனிக்கு ஒரே தாய் வயிற்றில் பிறந்தவன் சகோதரன். சலியேஜுக்கோ முன்பின் அறியாதவரும் சகோதரர். கிறிஸ்து அச்சொல்லுக்குத் தந்த விரிவு அதுவே அன்றோ!

அதைவிடக் கடினமான சோதனை போர் முடியும் தறுவாயில் வந்தது. விடுதலை பெற்ற பாரிஸ், காட்டிக்கொடுத்தோரைத் தண்டிக்கத் தொடங்கியது. எழுத்தாளர் ரொபேர் பிரசியாக்குக்கு 1945 ஜனவரியில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஜெர்மானியரை ஆதரித்து எழுதியவர் அவர். யூதரை வெளியேற்றும்போது அவர்களுடைய சிறுவரையும் விட்டுவைக்க வேண்டாம் என்று எழுதும் அளவுக்குச் சென்றவர். அவருக்காகக் கருணை கேட்டு முன்நின்றவர்களுள் ஒருவர் கத்தோலிக்க நாவலாசிரியர் பிரான்சுவா மோரியாக். மோரியாக் எதிர்ப்பு இயக்கத்தின் பக்கம் நின்றவர். 1943-இல் புனைபெயரில் தலைமறைவு நூல் வெளியிட்டவர். பிரசியாக்கின் ஏட்டால் இழிவாகத் தாக்கப்பட்டவர். அவரே தளபதி தெ கோலை நேரில் கண்டு அந்த உயிருக்காக மன்றாடினார். கருணை மனுவுக்குக் கையெழுத்துத் திரட்டியவர்களுள் நம் அனுய்யும் இருந்தார். மன்றாட்டு ஏற்கப்படவில்லை, பிப்ரவரி 6 அன்று பிரசியாக் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நீதியை வற்புறுத்திய ஆல்பேர் காமு, இரக்கத்தை வற்புறுத்திய மோரியாக்கோடு ஏடுகளில் கடுமையாக வாதாடினார். அசிசி என்னும் ஊர்ப்பெயரைக் குற்ற நீதிமன்றத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லாக மாற்றி, 'நீதிமன்றத்துப் புனித பிரான்சிஸ்' என்று ஓர் அங்கத ஏடு மோரியாக்கைக் கேலி செய்தது. சில ஆண்டுகளுக்குப் பின், தொமினிக்கன் துறவியர் முன் பேசிய காமு, அந்த விவாதத்தில் மோரியாக் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார். நம்பிக்கையற்றவர் எனத் தம்மை அழைத்துக்கொண்ட ஒருவரின் இவ்வாக்குமூலம், நம்பிக்கையுள்ள நமக்கு ஒரு பாடம்.

மோரியாக் பிரசியாக்கின் குற்றத்தை மறைக்கவில்லை, குறைக்கவுமில்லை. குற்றவாளியிடமும் அழிக்க முடியாத ஒன்று உண்டு என்று மட்டுமே நின்றார். பகைவரை எதிர்த்து மறுப்பது கடினம். வெற்றிபெற்ற தம் பக்கத்தாரின் சினத்தை எதிர்த்து, அருவருக்கத்தக்க ஒருவனுக்காக மறுப்பது அதனினும் கடினம். அன்டிகனியின் கையில் இருந்த மண் அத்தகைய ஒருவனுக்கு உரியது.

நம் கல்லறைத் தோட்டங்கள்

கிரெயோனைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தெரிந்தே தம்முயிரை மாய்த்துக்கொண்டோருக்கு, மனம் வருந்தியதற்கான அடையாளம் இல்லையெனில், திருச்சபை அடக்கத்தை மறுத்தது. நம் மூதாதையருள் எத்தனையோ தாய்மார், தம் பிள்ளைகள் மந்திரிக்கப்படாத மண்ணில் புதைக்கப்படுவதைக் கண்ணீரோடு பார்த்திருக்கிறார்கள். 1983-இன் புதிய சட்டத் தொகுப்பு அத்தடையை நீக்கிவிட்டது. அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்று 1992-இன் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. திருச்சபை தாவீதைப்போல் செவிசாய்த்தது. நாமும் சாய்த்தோமா? இன்றும் அத்தகைய ஒரு சாவு நேர்ந்த வீட்டின் வாசலில், ஆறுதல் சொல்லுமுன் நம் உதடுகளில் எழுவது தீர்ப்பா, இரக்கமா?

நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இறந்தோரையும் சாதியால் பிரித்து வைக்கும் வழக்கம் உண்டு. அதைக் காக்க வாதங்கள் இல்லாமலில்லை: ஊர் அமைதி வேண்டும், முன்னோர் ஏற்படுத்திய ஒழுங்கு, இப்போது கிளறினால் கலகம். கிரெயோனும் இவ்வாறே நியாயமாகப் பேசினான். இதற்கெதிராக எழுந்து நிற்போரிடம் நாமும் அவனைப்போலவே, நிம்மதியாக இருங்கள் என்று அறிவுரை கூறுவதில்லையா? இன்னும் பலர் அந்தக் காவலர்களைப்போல், நமக்கென்ன என்று சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருக்கிறோம்.

மறுபுறம், 'என் மனச்சான்று சொல்கிறது' என்று நாம் எழுந்து நிற்கும்போதும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பங்குப் பேரவையிலோ, அலுவலகத்திலோ, குடும்பத்திலோ நாம் வீசும் மறுப்பு யாருக்காக? அதன் மறுமுனையில் ஒரு முகம் தெரிகிறதா? அம்முகம் நமக்கு நன்றி சொல்லக்கூட இயலாத ஒருவருடையதா? இதற்கான விலையைச் செலுத்துவது நாமா, பிறரா? நம் முகத்தைத் தவிர வேறு முகம் எதுவும் தெரியவில்லையெனில், அன்டிகனியைப்போல் அந்த ஒரு வரியை நாமும் அடிக்க வேண்டிவரும்.

அடக்கத்தின் முடிவில், குழியருகே வந்து நாம் ஒவ்வொருவரும் ஒரு பிடி மண்ணை எடுத்து இடுகிறோம். உறவினர், நண்பர், அண்டைவீட்டார் எனப் பலருக்கு நம் கை அதைச் செய்திருக்கிறது. அந்த ஒரு பிடி மண்ணை இன்னும் யாருக்கு நாம் இட மறுத்துக்கொண்டிருக்கிறோம் என்று, அடுத்த முறை குனிந்து மண்ணை அள்ளும்போது எண்ணிப் பார்ப்போம்.